கைப்பிடி இல்லாமல் படகு
ஏரிக்குத் திரும்ப விரும்புவோருக்கும் அவர்தம் குடும்பத்தினருக்கும்

எங்கள் மறுவாழ்வுப் பிரிவுக்கு வரும் ஒவ்வொருவரிடமும் முதல் வாரத்திலேயே ஒரு கேள்வி கேட்பது வழக்கம்: "வீட்டுக்குப் போனதும் முதலில் என்ன செய்ய விரும்புகிறீர்கள்?" தாமே சோறு பிசைந்து உண்ண வேண்டும், சட்டைப் பொத்தானைத் தாமே போட வேண்டும், பிள்ளையைத் தூக்க வேண்டும் என்பவையே பெரும்பாலும் கிடைக்கும் விடைகள். சென்ற மழைக்காலத்தில் ஒருவர் மட்டும், "ஏரிக்குப் போகணும் சார்" என்றார்.

அவர் பழவேற்காடு ஏரிக்கரைச் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்தவர். தந்தையும் அண்ணனும் ஏரியில் இறாலும் நண்டும் மடவையும் பிடித்து வாழ்பவர்கள். மாதச் சம்பளத்தை நாடி இவர் மட்டும் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு தொழிற்சாலைக்குப் பவர் பிரஸ் இயக்கும் வேலைக்குச் சென்றார். அந்தப் பிரஸ் இவருடைய வலக்கையில் நான்கு விரல்களையும் இடக்கையில் மூன்று விரல்களையும் எடுத்துக்கொண்டது. இரண்டு கட்டைவிரல்களும் எஞ்சின. புண் ஆறி, ஒட்டுத்தோல் பிடித்து, கரண்டியைப் பட்டையால் கையில் கட்டிக்கொண்டு உண்ணவும் பழகிவிட்டார். ஆனால் கழியூன்றிப் படகு தள்ளவோ, மோட்டாரின் கைப்பிடியை முறுக்கவோ அந்தக் கைகளால் இயலாது.

அருகில் நின்றிருந்த அவர் மனைவி எங்களிடம், "நீங்களே சொல்லுங்க சார், பிடிமானம் இல்லாத கையோட தண்ணிக்குப் போலாமா?" என்று கேட்டார். கணவரின் விருப்பமும் நியாயமானது. மனைவியின் அச்சமும் நியாயமானது. இரண்டையும் மனத்திற்கொண்டு எங்கள் பிரிவில் தேடியும் பேசியும் சோதித்தும் அறிந்தவற்றை இங்கே தருகிறோம். ஏரி, ஆறு, கழிமுகம் ஆகியவற்றை நம்பி வாழும் குடும்பங்கள் இம்மாவட்டத்தில் பல உள்ளன. பக்கவாதம், கழுத்தெலும்பு முறிவு, தொழிற்சாலை விபத்து என்று காரணம் எதுவாயினும், "இனிப் படகு ஏற முடியுமா?" என்னும் கேள்வி அவ்வீடுகளில் எழத்தான் செய்யும்.

கை இல்லாத வேலை புதிதன்று

கைகளை விட்டுவிட்டு உடலின் வேறோர் உறுப்பால் வேலை செய்வது இயந்திர யுகத்தின் புதுமை என்று எண்ண வேண்டியதில்லை. பழவேற்காட்டு நீரில் இருளர் பெண்கள் இடுப்பளவு நீரில் அமர்ந்தும் நகர்ந்தும், இரு கைகளாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். பிடித்த இறாலைப் போடும் ஓலைப்பறியை அவர்கள் பற்களால் கடித்துப் பிடித்திருப்பார்கள். கைகளுக்கு வேறு வேலை இருப்பதால் பறியை வாய் ஏற்றுக்கொள்கிறது.

பர்மாவில் இன்லே ஏரி மீனவர்கள் படகின் கோடியில் ஒற்றைக்காலில் நின்று, மற்றக் காலைத் துடுப்பில் சுற்றிக்கொண்டு படகு வலிப்பார்கள். வலையை வீசவும் தூக்கவும் இரு கைகளும் வேண்டும். நீர்த்தாவரங்களுக்கு இடையே வழி பார்க்க நின்றாகவும் வேண்டும். ஆகவே துடுப்பு காலுக்குப் போயிற்று. இவர்கள் யாரும் ஊனமுற்றவர்கள் அல்லர். எந்த உறுப்பு ஓய்வாக இருக்கிறதோ அதற்கு வேலையைக் கொடுத்தார்கள். மறுவாழ்வு மருத்துவத்தின் அடிப்படையும் இதுவே. இழந்ததை எண்ணிக் கணக்கிடுவதற்கு முன், எஞ்சியிருப்பதில் நம்பகமானது எது என்று நாங்கள் பார்க்கிறோம்.

ட்ரோலிங் மோட்டார் என்பது என்ன?

சிறு படகில் பொருத்தும் மின்சார மோட்டாருக்கு ட்ரோலிங் மோட்டார் என்று பெயர். நம் கடற்கரையில் 'ட்ராலர்' எனப்படும் இழுவலைப் படகுக்கும் இதற்கும் தொடர்பில்லை. தூண்டிலை நீரில் மெல்ல இழுத்துச் செல்வதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது. 1934இல் அமெரிக்காவின் வடக்கு டக்கோட்டா மாநிலத்தில் ஃபார்கோ என்னும் ஊரில் ஓ. ஜி. ஷ்மிட் என்பவர் இதனை உருவாக்கினார்.

இதன் அமைப்பு எளிது. நீருக்கு அடியில் உருளை வடிவ மோட்டாரும் அதன் நுனியில் விசிறியும் இருக்கும். அதிலிருந்து மேலெழும் தண்டு படகின் விளிம்பில் இறுக்கப்படும். தண்டின் உச்சியில் கைப்பிடி இருக்கும். கைப்பிடியைத் திருப்பினால் மோட்டார் திரும்பும். முறுக்கினால் வேகம் கூடும். மின்சாரம் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து வரும். பெட்ரோல் மோட்டாரைப் போலக் கயிறு இழுத்துக் கிளப்ப வேண்டியதில்லை. புகையில்லை, இரைச்சலும் மிகக் குறைவு. நீர் தாழ்வாக உள்ள இடத்தில் தண்டை மேலே தூக்கிக்கொள்ளவும் இயலும். பல இடங்களில் ஓராள் மார்பளவு ஆழம்கூட இல்லாத பழவேற்காட்டு ஏரிக்கு இது பொருத்தமான குணம்.

உந்துவிசையைப் பவுண்டுக் கணக்கில் குறிப்பது சந்தை வழக்கம். 30, 40, 55 பவுண்டு அளவுகள் 12 வோல்ட்டில் கிடைக்கின்றன. 55 பவுண்டு என்பது ஏறத்தாழ 25 கிலோ உந்துவிசை. படகும் ஆளும் சாமானும் சேர்ந்த எடையில் நூற்றுக்கு இரண்டு பங்காவது உந்துவிசை வேண்டும் என்பது பொதுவான கணக்கு. 500 கிலோ எடைக்குக் குறைந்தது 10 கிலோ உந்துவிசை, அதாவது சுமார் 22 பவுண்டு தேவை. காற்றையும் நீரோட்டத்தையும் எதிர்த்து வர வேண்டியிருப்பதால் இதைவிடக் கூடுதலாகவே வாங்க வேண்டும். முகத்துவாரத்திலோ கடலிலோ செல்ல இம்மோட்டார் ஏற்றதன்று. அமைதியான ஏரி நீரில், கரை கண்ணுக்குத் தெரியும் தொலைவுக்குள் செல்வதற்கே இது.

கைப்பிடிக்கு மாற்று: உடலைப் பொறுத்தது

மோட்டாரை இயக்க வேண்டிய கட்டளைகள் நான்குதான்: ஓடு, நில், இடம் திரும்பு, வலம் திரும்பு. இந்த நான்கையும் எந்த உறுப்பு தவறாமல் கொடுக்கும் என்பதே தேர்வு.

கால்கள் நலமாக உள்ளவருக்குக் கால் பெடல் ஏற்றது. தூண்டில்காரர்கள் தம் இரு கைகளையும் தூண்டிலுக்கு ஒதுக்குவதற்காகவே கால் பெடலுள்ள ட்ரோலிங் மோட்டார்கள் நெடுங்காலமாக விற்பனையில் உள்ளன. அவற்றில் இரு வகை உண்டு. ஒன்றில் பெடலிலிருந்து எஃகுக் கம்பி மோட்டாரின் தண்டுக்குச் செல்லும். முன்பாதத்தை அழுத்தினால் ஒரு பக்கமும், குதிகாலை அழுத்தினால் மறுபக்கமும் திரும்பும். மற்றதில் பெடல் ஒரு மின் சுவிட்ச் மட்டுமே. தண்டைத் திருப்பும் வேலையைத் தனிச் சிறு மோட்டார் செய்யும். முன்னதற்குக் கணுக்காலில் வலு வேண்டும். பின்னதற்கு இலேசான அழுத்தம் போதும். பக்கவாதத்தால் ஒரு கை தளர்ந்தவர்கள், தளராத பக்கத்துக் காலால் பின்னதை இயக்க முயலலாம்.

இடுப்புக்குக் கீழ் உணர்வும் அசைவும் அற்று, கைகள் நலமாக உள்ளவர்களுக்குக் கால் பெடல் பயன்படாது. அவர்களுக்குச் சாதாரணக் கைப்பிடியோ கையடக்க ரிமோட்டோ போதும். அவர்களுடைய தேவை பாதுகாப்பான இருக்கைதான். அதனைப் பின்னர்ச் சொல்கிறோம்.

கழுத்துக்குக் கீழ் கைகால் இரண்டும் செயலிழந்தவர்களுக்கு மோவாய், தலை, மூச்சு ஆகியன எஞ்சுகின்றன. மோவாயால் அசைக்கும் சிறு நெம்புகோல் மின் சக்கர நாற்காலிகளில் உள்ளது. அதே தத்துவம் படகுக்கும் பொருந்தும். மூச்சால் இயக்கும் முறையில் வாயருகே ஒரு மெல்லிய குழாய் இருக்கும். அதனுள் ஊதினால் ஒரு கட்டளை, உறிஞ்சினால் மற்றொன்று. மெல்ல ஊதுவதையும் பலமாக ஊதுவதையும், அவ்வாறே உறிஞ்சுவதையும் கருவி பிரித்தறிவதால் நான்கு கட்டளைகளும் கிடைத்துவிடும்.

இம்முறையின் வேர் ஒரு மருத்துவமனையில் உள்ளது. 1960களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனைக்கு நோயாளிகளைப் பார்க்க வந்துகொண்டிருந்த ரெஜ் மாலிங் என்பவர், கைகால் அசையாதவர்கள் மூச்சால் மணியடிக்கவும் விளக்குப் போடவும் தட்டச்சு செய்யவும் உதவும் கருவியை உருவாக்கினார். அதற்குப் 'பாசம்' என்று பெயர் வழங்கிற்று. இலத்தீன் மொழியில் 'என்னால் முடியும்' என்னும் பொருள்தரும் சொல்லோடு ஒலியொத்த பெயர் அது.

அந்த மூச்சுக் குழாய் பின்னாளில் படகேறியது. கனடாவின் வான்கூவர் நகரில், பத்தொன்பது வயதில் பனிச்சறுக்கில் கழுத்து முறிந்து கைகால் செயலிழந்த சாம் சலிவன் ஊனமுற்றோருக்கான பாய்மரப் படகுச் சங்கத்தைத் தொடங்கினார். அம்முயற்சியிலிருந்து மார்ட்டின் 16 என்னும் கவிழாச் சிறு படகு பிறந்தது. அதனை மூச்சால் இயக்கவும் வழி செய்யப்பட்டது. சலிவன் 2005 முதல் 2008 வரை அந்நகரின் மேயராகவும் இருந்தார். இங்கிலாந்தின் ஹிலரி லிஸ்டர், படிப்படியாக உடலைச் செயலிழக்கச் செய்யும் நோயால் தலையை மட்டுமே அசைக்க முடிந்தவர். குழாய்களை மூச்சால் இயக்கி 2005இல் ஆங்கிலக் கால்வாயையும், 2009இல் பிரிட்டன் தீவைச் சுற்றியும் தனியாகப் படகு செலுத்தினார். 2014இல் ஓமான் நாட்டு நஷ்வா அல் கிந்தியோடு சேர்ந்து மும்பையிலிருந்து மஸ்கட் வரை அரபிக்கடலைக் கடந்தார். 2018இல் மறைந்தார்.

ஹிலரியின் பயணத்தில் பராமரிப்பாளர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. 'தனியாக' என்றால் துணையே இல்லாமல் என்று பொருளன்று. துணைப்படகும் கரையில் உதவியாளர்களும் அவருக்கு இருந்தனர். திசையையும் வேகத்தையும் முடிவு செய்தவர் மட்டும் அவரே. உதவியும் கட்டுப்பாடும் வெவ்வேறு. உதவியை எத்தனை பேர் வேண்டுமானாலும் தரலாம். கட்டுப்பாடு அவரிடமே இருக்கலாம்.

காலை எடுத்தால் நிற்க வேண்டும்

இக்கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இப்பகுதியை வையுங்கள்.

பவர் பிரஸ்ஸில் இரண்டு பொத்தான்கள் தள்ளித் தள்ளி வைக்கப்பட்டிருக்கும். இரு கைகளாலும் ஒருசேர அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும். கை பொத்தானில் இருக்கும் வரை அது அச்சுக்கு அடியில் இருக்க முடியாது என்பதே அதன் நோக்கம். எங்களிடம் வந்தவர் வேலை செய்த இயந்திரத்தில், உற்பத்தி விரைவாக வேண்டும் என்பதற்காக அந்த ஏற்பாடு முடக்கப்பட்டிருந்தது. ஆபத்தான இயந்திரப் பகுதிகளுக்குத் தடுப்பு இருக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் சொன்னது. சட்டம் புத்தகத்தில் இருந்தது. தடுப்பு இயந்திரத்தில் இல்லை.

கால் பெடலை அவருக்கு முதன்முதலாகக் காட்டியபோது, அதிலிருந்த சிறு விசை ஒன்றைச் சுட்டி, "இது எதுக்கு?" என்று கேட்டார். பல பெடல்களில் இவ்விசை உண்டு. ஒரு பக்கம் வைத்தால், கால் அழுத்தும் வரைதான் மோட்டார் ஓடும். மறுபக்கம் வைத்தால், காலை எடுத்தாலும் ஓடிக்கொண்டே இருக்கும். நெடுந்தூரம் செல்வோர் கால் வலிக்காமல் இருக்க அந்த வசதி. விளக்கிச் சொன்னதும் அவர், "கையை எடுத்தா நிக்க வேண்டிய மிஷின் நிக்கல. அதாலதான் இங்க வந்தேன். இந்த விசையை முதல்ல அடைச்சிடுங்க சார்" என்றார். நாங்கள் சொல்ல வேண்டியதை அவரே சொல்லிவிட்டார்.

கையில்லாமல் இயக்கும் எந்த ஏற்பாட்டுக்கும் இதுவே முதல் விதி. கட்டளை நின்றால் மோட்டாரும் நிற்க வேண்டும். வலிப்பு வரலாம், மயக்கம் வரலாம், கால் வழுக்கலாம், ஆள் நீரில் விழலாம். இவற்றில் எது நேர்ந்தாலும் மோட்டார் தானாக நின்றாக வேண்டும்; அதை யாரேனும் நிறுத்த வேண்டும் என்ற நிலை இருக்கலாகாது. கால் பெடலில், அழுத்தும் வரை ஓடும் நிலையை மட்டும் பயன்படுத்தி, மறுநிலைக்குச் செல்லாதவாறு விசையைப் பூட்டிவிட வேண்டும். மூச்சுக் குழாயில் ஒருமுறை ஊதினால் தொடர்ந்து ஓடும்படி அமைப்பதாயின், சில நொடிகளுக்குள் மறு கட்டளை வராவிட்டால் மோட்டாரை நிறுத்தும் நேரக் கட்டுப்பாடு அவசியம். காற்றும் அலைச்சத்தமும் உள்ள இடத்தில் குரல் கட்டளையை மட்டும் நம்பிவிடக் கூடாது.

இதற்கு மேல் இன்னும் இரு தடுப்புகள் வேண்டும். முதலாவது, இயக்குபவரின் உயிர்க்காப்பு அங்கியிலிருந்து மோட்டாருக்குச் செல்லும் கயிறு. அதன் முனையிலுள்ள காந்தச் சாவி கழன்றால் மின்சாரம் துண்டிக்கப்படும். பெட்ரோல் மோட்டார்களிலும் இத்தகைய கயிறு உண்டு. இரண்டாவது, உடன் வருபவர் கைக்கெட்டும் இடத்தில் பெரிய சிவப்பு நிறுத்தப் பொத்தான். இவை போக, பேட்டரிக் கம்பியில் உரிய ஆம்பியர் அளவுள்ள சர்க்யூட் பிரேக்கர் இருக்க வேண்டும். விசிறியில் வலையோ பாசியோ சிக்கினால் மின்னோட்டம் பெருகிக் கம்பி சூடேறும்; பிரேக்கர் அதைத் தடுக்கும். அடிக்கடி விழுகிறது என்று பிரேக்கரை நீக்கிக் கம்பியை நேராக இணைத்துவிடுவது, பிரஸ்ஸின் பொத்தானை முடக்கியதற்கு ஒப்பாகும்.

பேட்டரியும் உப்பு நீரும்

பேட்டரிதான் பயணத்தின் எல்லை. 100 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரியில் பாதியைத்தான் பயன்படுத்த வேண்டும். அதற்கு மேல் வற்றவிட்டால் அதன் ஆயுள் குறையும். சராசரி 25 ஆம்பியர் இழுக்கும் மோட்டாரானால் 50 ஆம்பியர்-மணியில் இரண்டு மணி நேரம் ஓடும். அதில் பாதி போவதற்கு, பாதி வருவதற்கு என்று கணக்கிடாதீர்கள். வரும்போது எதிர்காற்று இருக்கலாம். மூன்றில் ஒரு பங்கு செலவானதும் திரும்பிவிடுவது நல்லது. லித்தியம் பேட்டரி விலை மிகுதி. ஆயினும் எடை பாதிக்கும் குறைவு. தூக்க இயலாதவரின் குடும்பத்துக்கு அது சிறிய நன்மையன்று.

பழவேற்காட்டு நீர் உவர்நீர். ஏரியிலிருந்து திரும்பியதும் மோட்டாரை நல்ல நீரில் கழுவ வேண்டும். நீரில் மூழ்கும் பகுதியில் துத்தநாகக் கட்டி ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். அரிப்பைத் தான் ஏற்று மற்ற உலோகத்தைக் காப்பது அது. தேய்ந்தால் மாற்ற வேண்டும். பெடலின் சுவிட்சும் இணைப்புகளும் நீர் புகாதவையாக இருக்க வேண்டும். உப்புப் படிந்த சுவிட்ச் அழுத்தியபடியே ஒட்டிக்கொள்ளக்கூடும். ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் மோட்டாரை நீரில் இறக்கி, படகு கட்டியிருக்கும்போதே ஓட்டிப் பார்த்து, காலை எடுத்ததும் நிற்கிறதா என்று சோதியுங்கள். பேட்டரியைப் படகில் வைத்து மின்னேற்றம் செய்யாமல், காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். சார்ஜ் ஆகும்போது ஈய அமில பேட்டரியிலிருந்து எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு வெளிவரும்.

உடலுக்கு வேண்டிய கவனம்

தண்டுவடக் காயம் உள்ளவர்களுக்குப் படகின் பலகையே பெரிய பகை. உணர்வில்லாத இடத்தில் அழுத்தம் தெரியாது. ஒரே பயணத்தில் படுக்கைப்புண்ணுக்கு வித்திட்டுவிடலாம். வீட்டில் பயன்படுத்தும் மெத்தையைப் படகிலும் பயன்படுத்துங்கள். கால் மணி முதல் அரை மணிக்கு ஒருமுறை உடலைச் சாய்த்து அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். ஈரத்துணியோடு அமரக் கூடாது. வெயிலில் காய்ந்த உலோகம் உணர்வற்ற தோலைச் சுடும். கரையேறியதும் தோலில் சிவந்த இடம் உள்ளதா என்று பாருங்கள்.

மார்பின் ஆறாவது தண்டுவடப் பகுதிக்கு மேல் காயம் உள்ளவர்களுக்குச் சிறுநீர்ப்பை நிரம்பினாலோ, பட்டை இறுகினாலோ இரத்த அழுத்தம் திடீரென உயரலாம். கடும் தலைவலி, முகம் சிவத்தல், வியர்வை ஆகியன அதன் அறிகுறிகள். உடனே நிமிர்த்தி அமர்த்தி, இறுக்கத்தைத் தளர்த்தி, சிறுநீர்க் குழாய் அடைத்துள்ளதா எனப் பார்த்துக் கரைக்குத் திரும்ப வேண்டும். இவர்களுடைய உடல் வெப்பத்தைச் சரிவரச் சமன் செய்வதில்லை. சித்திரை, வைகாசி வெயிலில் ஏரிக்குச் செல்வது ஆகாது. காலை வேளையே தக்கது.

இருக்கையில் உடலைத் தாங்கப் பட்டை தேவைப்பட்டால், ஒரே இழுப்பில் கழலும் பட்டையாக இருக்க வேண்டும். எக்காரணம் கொண்டும் நோயாளியைப் படகோடு கயிற்றால் கட்டாதீர்கள். படகு கவிழ்ந்தால் அந்தக் கயிறே எமனாகும். உயிர்க்காப்பு அங்கி, மயங்கியவரின் முகத்தையும் நீருக்கு மேல் நிறுத்தும் வகையாக, தலைக்குத் தாங்கல் உள்ளதாக இருக்கட்டும். 2011ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை இம்மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆழம் குறைந்த நீர் என்று அலட்சியம் கூடாது.

கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாய் வைத்துள்ளவர்கள் படகேறக் கூடாது. வலிப்பு நோய் கட்டுக்குள் வராதவர்கள் இயக்குபவராக இருக்கக் கூடாது. இதயத்தில் பேஸ்மேக்கர் உள்ளவர்கள் தம் மருத்துவரைக் கேட்ட பின்னரே இது பற்றி எண்ண வேண்டும். ஒட்டுத்தோல் வைத்த கைகளுக்கு உப்பும் வெயிலும் ஆகா. உறை அணிந்து செல்லவும், வீடு திரும்பியதும் கழுவி எண்ணெய் தடவவும் மறவாதீர்கள்.

மேசை விசிறியில் தொடங்கிய பயிற்சி

எங்கள் நோயாளி நேராக ஏரிக்குச் செல்லவில்லை. தையல் மிஷின் மோட்டாரின் கால் பெடலை ஒரு சிறிய மேசை விசிறியோடு எங்கள் மின்பணியாளர் இணைத்துத் தந்தார். பெடலை அழுத்தினால் விசிறி சுழலும், எடுத்தால் நிற்கும். "நில்" என்று நாங்கள் சொன்ன கணத்தில் அவர் காலை எடுக்க வேண்டும். பேசிக்கொண்டிருக்கும்போதும், தேநீர் குடிக்கும்போதும், பின்னாலிருந்து யாரேனும் கூப்பிடும்போதும் "நில்" என்றோம். தொடர்ந்து இருபது முறை பிழையின்றி நின்றால்தான் அடுத்த படி. முதல் நாள் ஏழாவது முறையில் தவறினார். நான்காம் நாள் இருபதையும் கடந்தார். அன்று அவர் மனைவியையும் அமர்த்தி, "நில்" சொல்லும் பொறுப்பை அவரிடம் கொடுத்தோம். பயிற்சியின் பாதி அவருக்காகவே நடந்தது என்பதை அப்போதுதான் உணர்ந்தோம்.

அடுத்த படிகள் இவை. கரையில் ஏற்றிவைத்த படகில் அமர்ந்து பழகுதல். கயிற்றால் கரையோடு பிணைத்த படகை இடுப்பளவு நீரில் இயக்குதல். அண்ணன் உடனிருக்க, வலையும் சுமையும் இல்லாமல் சிறிது தூரம் செல்லுதல். ஒரு படியில் தேறாமல் அடுத்ததற்குப் போவதில்லை. படகில் மாற்றம் செய்வதற்கு முன் மீன்வளத் துறை அலுவலரிடமும் ஊர்ப் பஞ்சாயத்திலும் கேட்டுக்கொள்ள வேண்டும். எந்தப் பாட்டில் யார், எந்நாளில் வலை போடுவது என்பது பழவேற்காட்டில் ஊர் முறைப்படி நடப்பது. மோட்டாரின் வரவு அம்முறையைக் குலைக்கலாகாது.

தொழிற்சாலை விபத்தில் காயமுற்று ஈ.எஸ்.ஐ. காப்பீட்டில் உள்ளவர்கள், மருத்துவ வாரியம் மதிப்பிடும் நிரந்தர ஊனத்துக்கான மாதத் தொகையை உரிமையாகக் கேட்டுப் பெற வேண்டும். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் விண்ணப்பியுங்கள். படிவங்களை நிரப்ப எங்கள் சமூகப் பணியாளர் உதவுவார்.

யார் செலுத்துகிறார்?

நம் நாட்டில் மறுவாழ்வு மருத்துவத்துக்கு வித்திட்டவர்களுள் ஒருவர் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் மேரி வர்கீஸ். 1954இல் நேர்ந்த சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். அதன் பின்னும் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே, தொழுநோயால் முடங்கிய கைகளைச் சீரமைக்கும் அறுவை சிகிச்சைகளைச் செய்தார். 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் தொடங்கியதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. கால்கள் அற்ற நிலையில் பிறருக்குக் கைகளைத் திருப்பித் தந்தவர் அவர். அவரை யாரேனும் அன்பின் மிகுதியால், "போதும், வீட்டில் இருங்கள்" என்று நிறுத்தியிருந்தால் எத்தனை கைகள் முடங்கியே இருந்திருக்கும்!

குடும்பத்தினரின் அன்பு பல வேளைகளில் இவ்வாறு பேசிவிடுகிறது. நீரில் ஆபத்து உண்டு என்பது உண்மை. ஆயினும் வீட்டுத் திண்ணையில் ஆண்டுக்கணக்காக அமர்ந்திருப்பதிலும் ஆபத்து உண்டு. அது மெல்ல வருவதால் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. எந்த ஆபத்தை ஏற்கலாம், எதைத் தவிர்க்க வேண்டும் என்பதை நோயாளியும் குடும்பமும் மருத்துவரும் சேர்ந்து அமர்ந்து முடிவு செய்ய வேண்டும். அப்படி அமர்ந்து பேசியபோது அண்ணன் ஒன்று சொன்னார்: வலை இழுக்க இரு கையும் வேண்டும், இதுவரை கழியைப் போட்டுவிட்டு வலையைப் பிடிப்பதும், வலையை விட்டுவிட்டுக் கழியைப் பிடிப்பதுமாக இருந்தார். தம்பி காலால் படகைப் பார்த்துக்கொண்டால் தம் இரு கைகளும் வலைக்குக் கிடைக்கும் என்றார். தம்பியை ஏற்றிச் செல்வது உதவி என்றுதான் அதுவரை நாங்களும் எண்ணியிருந்தோம். அவருக்குத் தம்பி தேவைப்படுகிறார் என்பது அன்று தெரிந்தது.

இக்கட்டுரை எழுதும் நாள்வரை அவர் ஏரியின் நடுவுக்குச் செல்லவில்லை. கயிற்றால் பிணைத்த படகில், கரையோரத்தில், மூன்று காலைப் பொழுதுகள் பழகியிருக்கிறார். மனைவி கரையில் நின்று "நில்" என்கிறார், படகு நிற்கிறது. நாலாம் நாள் கயிற்றை அவிழ்க்கலாமா என்று அவர்கள் எங்களைக் கேட்கவில்லை. மனைவியிடம்தான் கேட்டாராம். "இன்னும் ரெண்டு நாள் போகட்டும்" என்றிருக்கிறார். காத்திருக்கிறார்கள்.

உங்கள் வீட்டிலும் இத்தகைய விருப்பம் யாருக்கேனும் இருந்தால், அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது மறுவாழ்வுப் பிரிவுக்கு வந்து சொல்லுங்கள். படகாக இருக்க வேண்டும் என்பதில்லை. தையல் மிஷினாகவோ, ஏர் ஓட்டும் ட்ராக்டராகவோ, கடையின் கல்லாப்பெட்டியாகவோ இருக்கலாம். எஞ்சியிருப்பதில் நம்பகமானது எது என்று சேர்ந்து தேடுவோம். எங்கள் மேசை விசிறி இன்னும் அங்கேதான் இருக்கிறது.